சினைக்காலத்துப் பாதை

டீயில் சர்க்கரை சரியாக இருந்தது. வாங்கி வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். வேண்டாம் என்று நான்தான் பேனாவைக் கேட்டு வாங்கினேன். எழுத்துக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நேரமாகும். ஆனால் எதையும் விட்டுவிட மாட்டேன்.

நான் ஏரியில் வலை இழுக்கிறவன். எங்கள் படகில் இரண்டு பேர். முன்னால் படகுக்காரன், பின்னால் நான். இருபத்தோரு வருடம் அப்படித்தான். அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மச்சான் என்பேன். சொந்தபந்தம் ஒன்றும் கிடையாது, முதல் நாளே வாயில் வந்துவிட்டது. அந்த இருபத்தோரு வருடப் பேச்சையும் சேர்த்துவைத்தால் ஒரு மத்தியானத்துக்குக் காணாது. வலை கனத்தால் அவன் வலது தோள் ஒரு விரற்கடை இறங்கும், அதைப் பார்த்து நான் இழுப்பேன். இதில் பேச என்ன இருக்கிறது?

என் மனைவி சொல்வாள்: "பேசாம நீங்க ரெண்டு பேருமே சேர்ந்து குடித்தனம் பண்ணுங்க. நான் எங்க அம்மா வீட்டுக்குப் போயிடறேன்." அவளும் சிரிப்பாள், நானும் சிரிப்பேன்.

வருடத்தில் நாற்பத்தைந்து நாள் மீன் முட்டையிடும் காலம். அப்போது வலை போடக் கூடாது என்று படகுத்துறையில் பலகை இருக்கிறது. யாரும் மதித்ததில்லை. சினைமீனுக்கு வயிறு கனம், கையில் எடுத்தாலே தெரியும். அதை யார் விடுவார்கள்? நாங்களும் விட்டதில்லை. அப்புறம் மூன்று வருடமாக வலை லேசாக வர ஆரம்பித்தது. மீன்வளத்துறை ஆபீஸிலிருந்து முட்டை எண்ணுவதற்கு ஓர் ஆளை அனுப்பினார்கள்.

அவனுக்கு முப்பது வயது இருக்கும். தடிக் கண்ணாடி. தண்ணீரில் விழுந்துவிடாமலிருக்க அதைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பான். அதனால் துறையில் எல்லோருக்கும் அவன் கண்ணாடிதான். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். மரியாதையான பையன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

அளவு பார்க்க அவன் சொல்லும் நாளில் மட்டும் ஒரு வலை போடுவோம். முதல் நாள் பெரிய சினைமீன் ஒன்று வந்தது. பழக்க தோஷம், ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டேன்.

"அண்ணே, அத விட்டுருங்களேன்."

"விட்டா யாருக்கு?"

"ஏரிக்குத்தான்."

"ஏரி என்னிக்கு தம்பி பட்டினி கிடந்துச்சு?" என்றேன். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு அவன் என் பக்கம்.

மூன்றாம் நாள் அதே மாதிரி ஒரு மீன். நான் பெட்டியைத் திறப்பதற்குள் மச்சான் கை நீட்டி என் கையிலிருந்து அதை வாங்கினான். வாங்கினான் என்று எழுதுகிறேன், பிடுங்கினான் என்றும் சொல்லலாம். குனிந்து, கண்ணாடி காட்டிக்கொடுத்த மாதிரியே வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து, தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தான். வீசக் கூடாதாம். அதற்கு மூச்சு வந்து தானாகப் போக வேண்டுமாம். வால் ஒரு தட்டுத் தட்டிப் போனது. மச்சான் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இருபத்தோரு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து அவன் அதைக் கண்ணாடியிடம் காட்டினான். நான் பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

அடுத்த வாரம் படகில் என் இடத்தில் கண்ணாடி உட்கார்ந்தான்.

"மச்சான், நீ கரையில முட்டை எண்ணப் போற பாதைக்குக் குச்சி நடு. சேத்துல நடக்க உன்னை விட்டா யாரு இருக்கா?" என்றான் மச்சான். சரி, புகழ்ச்சிதானே என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் மேல் சத்தம் நன்றாகக் கேட்கும். அவர்கள் பேசுவது கரைவரை வரும். மாமா என்பான் கண்ணாடி, மாப்ளே என்பான் மச்சான். மச்சான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான், சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னான், மகளுக்கு மாப்பிள்ளை அமையாத கவலையைச் சொன்னான். அந்தக் கவலையை நான் என் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டிருந்தேன். அவனுக்குள் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. இருந்தும் எனக்கு ஒன்றும் தரவில்லை.

நான் அப்போதும் பொறுத்துக்கொண்டேன். நாற்பத்தைந்து நாள்தானே என்று இருந்தேன். ஒரு சாயங்காலம் படகைக் கட்டிவிட்டு மச்சான் வந்தான்.

"சீசன் திறந்தாலும் மாப்ளே கூடவே இருக்கட்டும்னு பாக்குறேன். வருஷம் பூரா எண்ணணுமாம். நீ ஐஸ் ரூமைப் பாத்துக்கயேன். உனக்கும் முதுகு வலிக்குதுல்ல?"

"வலிக்குது" என்றேன்.

என் முதுகைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை. அது கண்ணாடி சொல்லிக்கொடுத்ததாக இருக்கும்.

இனி குச்சியைப் பற்றி. கிழக்குக் கரையில் நாணல் வளர்ந்திருக்கிறது. முழங்கால் தண்ணீர். அந்த வேர்களில்தான் மீன் முட்டையிடும். எண்ணுவதற்கு உள்ளே நடந்தால் முட்டை மிதிபடும். அதனால் முட்டை இல்லாத தரையாகப் பார்த்து, இரண்டு பக்கமும் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டு ஒரு பாதை வைத்திருந்தோம். குச்சிக்கு வெளியே யாரும் கால் வைக்கக் கூடாது; பாதையிலேயே முட்டை விழுந்தால் குச்சியை மாற்றி நட வேண்டும். இது கண்ணாடி போட்ட சட்டம், நான் போட்டதில்லை. பாதைக்கு வலப்பக்கம் திடமான சேறு. இடப்பக்கம் போன வருடம் இயந்திரம் வைத்துத் தூர் வாரிய பள்ளம், இரண்டு ஆள் ஆழம். மேலே பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே கலங்கல் தண்ணீர், கிட்டே குனிந்தால்தான் வேரும் முட்டையும் தெரியும்.

அன்று காலை நான்காவது குச்சிக்குப் பக்கத்தில், பாதை நடுவிலேயே முட்டை கிடந்தது. இது பொய்யில்லை, கண்ணாடியுடைய நோட்டிலேயே இருக்கும். சட்டப்படி குச்சியை மாற்ற வேண்டும், மாற்றினேன். வலப்பக்கமும் முட்டை இருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்க்கவில்லை. இடப்பக்கம் நட்டேன். கடைசிக் குச்சி இரண்டும் நிற்கவில்லை, அடியில் தரை எட்டவில்லை. நீளக் கம்பாக மூன்று கொண்டுவந்து, அதில் இரண்டைக் குச்சியோடு சேர்த்துக் கட்டி நட்டேன். நிற்கிறவரைக்கும் பொறுமையாகச் செய்தேன். வேலையை அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

பத்து மணிக்குக் கண்ணாடி வந்தான். மார்பு வரைக்கும் வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டான். அதற்கு மேல் இடுப்பில் ஒரு பெல்ட் இறுக்க வேண்டும். தவறி விழுந்தால் காலுக்குள் தண்ணீர் இறங்காமல் அதுதான் தடுக்கும். அதன் கொக்கி அறுந்து, தைப்பதற்கு என்னிடம் கொடுத்திருந்தான்.

"அண்ணே, பெல்ட் தைச்சாச்சா?"

"இல்ல தம்பி. இன்னைக்கு ஒரு நாள் பாத்துப் போங்க."

முந்தின நாளே தைத்துவிட்டேன். என் பையில் இருந்தது.

"நீங்க குச்சி நட்டிருக்கீங்க, அப்புறம் என்ன பயம்" என்று இறங்கினான். பாதி வழியில் நின்றான்.

"என்னண்ணே, பாதை வளைஞ்சு போகுது?"

"முட்டை கிடக்கு தம்பி. நீங்க சொன்னபடி மாத்தியிருக்கேன்."

அவன் குனிந்து பார்த்தான், முட்டையைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"நீங்களே பாத்து மாத்திட்டீங்களா? மாமாகிட்ட சொல்லணும். நீங்க மாறவே மாட்டீங்கன்னு பந்தயம் கட்டினாரு."

ஆக, என்னைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் மாறுவேன் என்று நம்பியவன் கண்ணாடி, மாட்டேன் என்றவன் மச்சான். அதை நினைத்தபோது மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. மச்சான் என்னைச் சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறான் என்றும் பட்டது.

அவன் எண்ணிக்கொண்டே போனான். கடைசிக் குச்சிக்கு ஓர் அடி முன்னால் இடது கால் இறங்கியது. நான் கரையில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். அந்த நொடியில் அவன் வலது காலை எடுத்து வலப்பக்கம் வைத்திருந்தால் தப்பியிருப்பான். எடுக்கவும் செய்தான். கீழே பார்த்தான். நாணல் வேர் முழுக்க முட்டை, பிறகு நானே பார்த்தேன். காலை இழுத்துக்கொண்டான். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, சுடுசட்டியிலிருந்து கை எடுக்கிற மாதிரி எடுத்துவிட்டான். அப்புறம் ரப்பருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. கம்பைப் பிடித்தான், அது கையோடு வந்தது.

"அண்ணே" என்றான். ரொம்பச் சத்தமாகக் கூடக் கூப்பிடவில்லை. மறுபடியும் ஒரு தடவை கூப்பிட்டான்.

என் கையில் நீளக் கம்பு ஒன்று மிச்சம் இருந்தது. நீட்டினால் எட்டுமா என்று கேட்டீர்கள். எட்டும்.

மச்சான் படகோடு வந்தபோது தண்ணீர் தெளிய ஆரம்பித்திருந்தது. நாங்கள் இரண்டு பேருமாகத்தான் அவனைத் தூக்கினோம். மச்சானின் வலது தோள் இறங்கியது, நான் இழுத்தேன். அன்றைக்குப் போல நாங்கள் சேர்ந்து வேலை செய்து வெகுநாள் ஆகியிருந்தது. அவனைப் படகில் கிடத்திய பிறகு மச்சான் கண்ணாடியின் இடுப்பைத் தடவிப் பார்த்தான், பெல்ட் இல்லை. அப்புறம் குச்சிகளைப் பார்த்தான், கோணலாகப் போகிற அந்த வரிசையைக் கடைசிவரைக்கும் பார்த்தான்.

நான்தான் செய்தேன். குச்சியை மாற்றியது, பெல்ட்டை மறைத்தது, கம்பை நீட்டாமல் நின்றது, மூன்றும் நான்தான். யாரும் தூண்டவில்லை. என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது. குச்சியைப் பற்றி உங்களிடம் வந்து சொன்னது மச்சான்தான் என்கிறீர்கள். இருக்கட்டும், அவன் பொய் பேசத் தெரியாதவன். நேற்று அவன் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிலோ கையெழுத்துப் போட்டான். இந்த அறை வாசல்வரைக்கும் வந்தான். நீங்கள் கதவைத் திறக்கட்டுமா என்று கேட்டதும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். பாவம், என்னை இந்த நிலையில் பார்த்தால் அவன் மனசு தாங்காது.