பதினெட்டாம் கூடையின் மணி

நாற்காலியைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்டாபர். ஜன்னலை மறைக்கிறீர்கள். வெளியே இப்போது பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பத்தொன்பது வருடப் பழக்கம். காபிக் கோப்பை கைக்கு வந்தால் கண் தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது.

நீங்கள் எங்கள் ஊருக்குத் துணை ஷெரிஃபாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் தட்டு எறியப் பழகிவிட்டீர்கள், முதல் வாரமே முதுகு பிடித்துக்கொண்டது, மனைவிதான் ஒத்தடம் கொடுத்தார். யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். முப்பத்தோரு வருடம் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் நின்றவள் நான். விஷயங்கள் என்னைத் தேடி வருமே தவிர நான் தேடிப் போவதில்லை.

இந்த டிஸ்க் கோல்ஃபில் குழி, குழி என்கிறார்கள். குழி எங்கே இருக்கிறது? ஒரு கம்பம், அதில் ஒரு இரும்புக் கூடை, கூடைக்கு மேல் சங்கிலிகள். தூரத்திலிருந்து தட்டை எறிந்து, எவ்வளவு குறைந்த எறிகளில் முடியுமோ அவ்வளவில் கூடையில் விழவைக்க வேண்டும். அப்படிப் பதினெட்டு. முதல் பதினேழையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கடைசிக் கூடையில்தான் மனிதர்கள் தங்கள் நிஜ முகத்தோடு நிற்பார்கள். அது என் சமையலறை ஜன்னலிலிருந்து முப்பத்தைந்து காலடித் தூரத்தில் இருந்தது.

எவ்வளவோ பார்த்திருக்கிறேன். தட்டின் அடியில் மோதிரத்தை ஒட்டிவைத்து ஒருவன் கல்யாணத்துக்குக் கேட்டான். அந்தப் பெண் யோசித்துச் சொல்கிறேன் என்று கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு குடும்பம் அப்பாவின் சாம்பலைக் கூடைக்குள்ளேயே தூவிவிட்டுப் போக, அடுத்து வந்தவர்கள் தட்டை எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அவர்களுக்கு விஷயத்தைச் சொன்னது நான்தான். சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இரண்டு வருடம் முன்னால் ஒரு பத்திரிகை, விஸ்கான்சினில் உங்களுக்குப் பிடித்த கடைசிக் கூடை எது என்று ஆட்டக்காரர்களிடம் ஓட்டுக் கேட்டது. எங்களுடையது மூன்றாவது வந்தது. இரண்டாவதாக வந்த கூடைக்குப் பக்கத்திலேயே பீர்க் கடை இருக்கிறது. அது ஆட்டத்துக்கு விழுந்த ஓட்டல்ல. போட்டோவில் கூடைக்குப் பின்னால் மஞ்சளாகத் தெரிவது என் ஜன்னல் திரை. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், பாருங்கள்.

மணியைப் பற்றித்தானே கேட்க வந்தீர்கள். வருகிறேன்.

பதினெட்டாவதுக்கு எறியும் மேடை குன்றின் உச்சியில். நடுவில் ஒரு முகடு, ஓக் மரங்கள். எறிகிறவனுக்குக் கூடையும் தெரியாது, கூடையருகே நிற்கும் ஆளும் தெரியாது. அதனால் இடித்துப்போட்ட பள்ளிக்கூடத்தின் மணியைக் கொண்டுவந்து கூடையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு தூணில் தொங்கவிட்டிருந்தார்கள். கம்பியில் கட்டிய ஓர் இரும்புத் தடி அதன் பக்கத்தில். முடித்துவிட்டு ஒதுங்குகிறவர்கள் இரண்டு அடி அடிக்க வேண்டும். அது கேட்டபிறகுதான் மேலே இருப்பவர்கள் எறியலாம். சர்ச்சுக்குப் போகாதவன்கூட அந்த மணிக்குக் கட்டுப்படுவான்.

போன செப்டம்பரில் ரோலண்ட் கிட்ஸ்மன் வந்தார். கிளப் தலைவர், என் வயதுக்காரர். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலி. எலுமிச்சை கேக் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"வெர்னா, கடைசிக் கூடையை ஏரிப்பக்கம் மாத்தறோம். இது இனிமே ஆறாவது, எறியறது வேற பக்கத்துலேர்ந்து."

"ஆறாவதா? ஏன், இதுக்கு என்ன கேடு?"

"கண்ணுக்குத் தெரியாத எறி. மணியை நம்பி எத்தனை நாளைக்கு ஓட்டறது? என்னைக்காவது யாராவது மண்டைய உடைச்சுக்கப் போறாங்க."

"பத்தொம்பது வருஷமா யாரும் உடைச்சுக்கலையே."

"அதான் பயமா இருக்கு," என்று இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

ஆறாவது கூடையில் யாராவது அழுது பார்த்திருக்கிறீர்களா? யாராவது மோதிரம் நீட்டுவார்களா? தட்டை எடுத்துக்கொண்டு ஏழாவதுக்கு நடையைக் கட்டுவார்கள். என் ஜன்னல் வழியே முதுகுகள்தான் போகும். எனக்காகச் சொல்லவில்லை. கூடைக்கே அது அவமானம்.

பையன்களுக்கும் அது பிடித்திருக்காது என்று எனக்குத் தெரியும். டேல் ப்ரூயிட்டும் அவன் மச்சான் கஸ்ஸும் முடித்துவிட்டு என் வேலிப்பக்கம் வராமல் போகமாட்டார்கள். நாற்பது வயதுக்காரர்கள், எனக்குப் பையன்கள்தான்.

"மிஸஸ் டோலிவர், இன்னைக்கு என்ன தீர்ப்பு?" என்பான் கஸ்.

"நீ அஞ்சு எறின்னு எழுதின. நான் எண்ணினது ஏழு."

"பைனாகுலர் பறவை பாக்கன்னு சொன்னீங்க?"

"பறவைங்க பொய்க்கணக்கு எழுதறதில்லையே, அதுங்களை எதுக்குப் பாக்கணும்?"

டேல் அதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கஸ் சிரிக்கமாட்டான். அதே கஸ் வாகனம் நிறுத்துமிடத்தில் மார்சி என்ற பெண்ணோடு நெருக்கமாக நின்றதை அவன் பெண்டாட்டியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. நல்லதற்குத்தான். இப்போது தனியாக இருக்கிறான், இளைத்திருக்கிறான்.

அக்டோபர் பதினான்கு, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணி. ரோலண்ட் கூடையைக் கழற்றத் தனியாக வந்தார். கூடையைத் தரையோடு பிணைத்திருந்த பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. பேட்டரியில் ஓடும் அறுப்பு இயந்திரத்தோடு மண்டியிட்டார், முதுகு குன்றின் பக்கம், காதில் சத்தம் மறைக்கும் மூடி. மேலே போய் எறிமேடையில் ஒரு எச்சரிக்கை அட்டை மாட்டிவிட்டு வந்திருக்கலாம். மாட்டவில்லை. மணி அடிக்காமல் யாரும் எறியமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். மணியை நம்ப முடியாது என்று சொன்ன மனிதர் அந்த மணியை நம்பித்தான் அங்கே மண்டியிட்டார்.

டேலும் கஸ்ஸும் பதினேழை முடித்துவிட்டு மேலேறுவதைப் பைனாகுலரில் பார்த்தேன். சூப்புக்குக் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வெளியே நடந்தேன். தடியைக் கம்பியிலிருந்து கழற்றி இரண்டு முறை அடித்தேன்.

முதல் தட்டு ஓக் மரத்தில் பட்டு எங்கேயோ போனது. அது கஸ்ஸுடையதாக இருக்கும். இரண்டாவது டேலுடையது. அவன் எறி வலப்பக்கம் விலகிப் போய், கடைசியில் இடப்பக்கம் வளைந்து தாழ்வாக வரும். அப்படித்தான் வந்தது. விளிம்பு ரோலண்டின் வலது காதுக்குக் கீழே பட்டது. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தாடை இருந்த இடத்தில் இல்லை. கையிலிருந்து நழுவிய இயந்திரம் தொடைமேல் விழுந்து, ஜீன்ஸையும் உள்ளே இருந்ததையும் ஒரு கை நீளத்துக்கு உழுதுவிட்டுப் புல்லில் உருண்டது. அங்கேயும் நிற்காமல் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

அவர் ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். இரண்டு பல்லைத் துப்பினார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, ஸ்டாபர். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்; நான் எதையும் மறைக்கவில்லை.

"வெர்னா," என்றார், வார்த்தை கொழகொழவென்று வந்தது. "துணி. காலைக் கட்ட ஒரு துணி குடு."

இடுப்பில் ஏப்ரன் இருந்தது. அன்று காலையில்தான் துவைத்திருந்தேன்.

தட்டு பட்ட அதே இடத்தில் தடியால் அடித்தேன். மூன்று முறை. இரண்டாவதிலேயே எலும்பு உள்ளே இறங்கிவிட்டது, கையில் தெரிந்தது. மூன்றாவது நிச்சயத்துக்காக. அவர் கூடையின் அடிவட்டத்தில் சாய்ந்தார். சங்கிலிகள் சிணுங்கின. நல்ல எறி விழும்போது அந்தச் சத்தம்தான் வரும். இயந்திரத்தை நிறுத்தினேன். ஓடிக்கொண்டிருந்தால் யாருக்காவது அடிபட்டிருக்கும். தடியை ஏப்ரனில் துடைத்தேன். அதற்கு மேல் ஏப்ரனைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

தட்டு படாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அடுத்துக் கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து சூப்பை முடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தடி ஏன் கையிலேயே இருந்தது என்று கேட்டால், மாட்ட மறந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தத் தவறு. தடியைத் திரும்ப மாட்டுவதற்கு முன்னால் மணியை இரண்டு முறை அடித்தேன். கூடையில் வேலை முடிந்தது, ஒதுங்குகிறேன், அடிக்க வேண்டியதுதானே. கை தானாகச் செய்தது. முடித்துவிட்டு மணியடிக்காமல் போகிறவர்களை எத்தனை பேரிடம் குறை சொல்லியிருக்கிறேன்.

குன்றிலிருந்து இறங்க ஆறு நிமிடம் ஆகும். நான் கேரட்டுக்குத் திரும்பியிருந்தேன். டேல் கத்தினது கேட்டதும் ஓடினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், மாற்றிக் கட்டிய வேறு ஏப்ரனோடு.

எங்கள் மாவட்டத்தில் மரண விசாரணை செய்கிறவர் சவப்பெட்டிக் கடைக்காரர். தட்டு பட்டது, விழுந்தபோது இரும்பில் அடிபட்டது என்று எழுதி முடித்தார். மணி அடித்த பிறகுதான் எறிந்தோம் என்று டேலும் கஸ்ஸும் சொன்னார்கள். தன் தலைக்குத் தானே மணியடிக்க ரோலண்டுக்கு என்ன பைத்தியமா என்று ஊர் கேட்டது. என்னையும் கேட்டார்கள். ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, மணி எதுவும் கேட்கவில்லை என்றேன். டேல் இரண்டு வருடம் முன்னால் ஒருமுறை மணிக்குக் காத்திராமல் எறிந்தவன். அதுவும் எனக்குத்தான் ஞாபகம் இருந்தது.

நவம்பரில் அவன் கராஜுக்குள் போய், வலது கையை மேஜை இடுக்கியில் வைத்து இறுக்கி, சுத்தியலால் விரல்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டான். நான்காவது விரலில் அவன் மனைவி வந்துவிட்டாள். நான் ஒரு பாத்திரம் கோழி, நூடுல்ஸ் வேகவைத்து எடுத்துக்கொண்டு போனேன். இடது கையால் சாப்பிட்டான். பாதியில் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டான்.

"மிஸஸ் டோலிவர், நீங்க எப்பவும் ஜன்னல்லதான இருப்பீங்க. உண்மையச் சொல்லுங்க. மணி கேட்டுச்சா இல்லையா? எனக்குத்தான் மண்டைக்குள்ள கேட்டுச்சா?"

"கேக்கலைப்பா," என்றேன். "சாப்பிடு, ஆறிடும்."

என்ன சொல்லியிருக்க முடியும்? மருந்து மாத்திரையில் இருந்தான், அதிர்ச்சி தாங்கமாட்டான்.

குளிர்காலம் முடிந்ததும் கிளப்காரர்கள் கூடையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குன்றைச் சுற்றி வேலி. ஆறாவதாகக்கூட அதை விட்டுவைக்கவில்லை. அவ்வளவு செய்ததற்கு இதுதான் மிச்சம்.

உங்களை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். ஆட்டம் தெரியாதவர் யாராக இருந்தாலும் விட்டிருப்பார். கஸ்ஸின் பழைய வாக்குமூலத்தைப் படித்திருக்கிறீர்கள். "எறிஞ்சதுக்கப்புறம் மறுபடியும் மணி அடிச்சுது, சரி, யாரோ ஒதுங்கிட்டாங்கன்னு மெதுவா இறங்கினோம்." யாரும் கண்டுகொள்ளாத வரி. தட்டு பட்டு விழுந்தவர் எப்படி மணியடிப்பார் என்று நீங்கள் யோசித்தீர்கள். முடித்துவிட்டு மணியடிக்காமல் நகர முடியாத ஆள் இந்த ஊரில் யார் என்றும் யோசித்தீர்கள். கெட்டிக்காரர்தான்.

ஆக, ரோலண்ட் கிட்ஸ்மனைக் கொன்றது நான். டேல் இல்லை. அவனிடம் சொல்லிவிடுங்கள், அல்லது நானே போன் செய்கிறேன். செய்தி முதலில் என் வாயால் போவதுதான் முறை.

நீங்கள் மேஜையில் வைத்த அந்தக் காகிதத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். ரோலண்ட் கிளப்காரர்களுக்கு அனுப்பியது என்கிறீர்கள். "மணி ஒரு சாக்குதான். அந்தம்மா கண்ணுல படாம ஒரு ஆட்டத்தை முடிக்கணும், அதான் எல்லாரும் கேக்கறாங்க. கஸ் பட்டது போதும். வெர்னாகிட்ட யாரும் சொல்லிடாதீங்க, மனசு ஒடஞ்சிடும்." யாரோ விளையாட்டுக்கு டைப் அடித்திருக்கிறார்கள். என் கேக்கை வாயில் வைத்துக்கொண்டு என்னிடமே பொய் சொல்கிற மனிதரல்ல ரோலண்ட். அவர் சொன்னது மணியைத்தான். பத்தொன்பது வருடம் அவர்கள் எல்லாரும் எனக்குத்தான் விளையாடிக் காட்டினார்கள். பார்க்க ஆளில்லாமல் யார் ஆடுவார்கள்?

கோட்டை எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் என்னை வைக்கப்போகிற அறையில், ஸ்டாபர், ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது?