ரோஸ் கலர் பிளாட்பாரம்

பல்லுக்கும் பகைக்கும் ஒரே இடுக்கியோடு வைத்தியம் பார்க்கும் எங்கள் அவைத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து முழங்கால் வலியை மறந்து முறுவலிக்கும் மூத்தோர்களே! பிள்ளைகள் தரையில் சிதறவிட்ட கட்டையை வெறுங்காலால் மிதித்து, வாய்விட்டு அலறவும் முடியாமல் வலியை விழுங்கத் தெரிந்த தாய்மார்களே! கணவர் இழுத்த இழுப்புக்கு வந்த மனைவிமார்களே, மனைவி முறைத்த முறைப்புக்கு வந்த கணவன்மார்களே! பெரும்பாலும் கைப்பேசித் திரையில் கண்டு, கட்டைவிரலால் பழகி, இன்றுதான் எல்லோருமாக ஒரே இடத்தில் முழு உருவத்தோடு வந்திருக்கும் என் குழுவின் தோழர்களே, தோழியரே! உங்கள் அனைவருக்கும் இந்த லாரி ஓட்டுபவனின் வணக்கம்!

இப்போதே கைதட்டாதீர்கள். வண்டி இன்னும் முதல் கியரில்தான் இருக்கிறது.

குழுவில் என் பெயர் 'கியர்'. வீட்டில் என் பெயர் வேறு. அதை மேடையில் சொல்ல முடியாது. என்ன, என் மனைவி தலையாட்டுகிறாளா? நல்லது, நல்லது.

உறவினர்கள் பலர் புதிதாக வந்திருக்கிறீர்கள். நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தலையில் குமிழும் அடியில் குழியும் கொண்ட சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டைகள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டக்' என்று ஓர் ஓசை. அந்த ஓசைக்கு அடிமையானவர்கள் நாங்கள். வீடு கட்டுவோம், கப்பல் கட்டுவோம், விமான நிலையம் கட்டுவோம். கட்டியதைப் படம் எடுத்து இணையத்தில் குழுவுக்கு அனுப்புவோம். "கழுதை வயசாகுது, இன்னும் என்ன பொம்மை?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு மட்டும் இன்றுவரை எவராலும் பதில் கட்ட முடியவில்லை!

அன்பர்களே! மண்ணுக்காகச் சண்டை நடந்திருக்கிறது. பொன்னுக்காகச் சண்டை நடந்திருக்கிறது. சாம்பல் நிறத்துக்காகச் சண்டை நடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் குழுவில் நடந்தது! கட்டை செய்கிறவர்கள் எப்போதோ சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டார்கள். கொஞ்சம் என்றால், கூர்ந்து பார்த்தாலும் தெரியாத கொஞ்சம். பழைய சாம்பலே பரிசுத்தம் என்றார் நம் தலைவர். புதிய சாம்பலே புதுமை என்றார், கேக் கடை நடத்தும் எங்கள் கேக் அக்கா. "உங்க பழைய சாம்பல், பாத்திரம் தேய்ச்ச தண்ணி மாதிரி இருக்கு டாக்டர்" என்று எழுதினார் அக்கா. "உங்க கேக் சாப்பிட்டவங்கதான் என் க்ளினிக் வாசல்ல வரிசை கட்டி நிக்கிறாங்க" என்று திருப்பிக் கொடுத்தார் டாக்டர். அன்று முதல் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. குழுவே இரண்டு பட்டது. நான்? நான் பழுப்புக் கட்டை வைத்திருப்பவன். என்னை இரு கட்சியும் மனிதனாகவே மதிக்கவில்லை!

இந்தப் போர் உச்சத்தில் இருந்த ஒரு நாள், குழுவில் அதிகம் பேசாத ஒருவர் ஒரு செய்தி போட்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். அதனால் குழுவில் அவர் பெயர் 'ஊசி அக்கா'. அவர் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம்.

"என் தம்பி ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவன். நோய் வந்து ரெண்டு கண்ணும் போயிடுச்சு. அவன் ஆஸ்பத்திரியும் வீடுமா இருந்த சமயத்துல பழைய ஸ்டேஷனை இடிச்சுட்டுப் புதுசா கட்டிட்டாங்க. வாசல்லேர்ந்து அறிவிப்பு ரூம் வரைக்கும் தனியா, பத்திரமா வந்து காட்டு, உன் நாற்காலி உனக்குன்னு அதிகாரி சொல்லிட்டார். முடியலைன்னா வேற ஆபீசுக்கு மாத்திடுவாங்க. நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். கூட்டத்துலயும் சத்தத்துலயும் அவனுக்கு ஒண்ணும் பிடிபடல. 'அக்கா, இந்த ஸ்டேஷனை ஒரு தடவை மடியில வெச்சுத் தடவிப் பார்த்தாப் போதும்'னு சொல்றான். கட்டையில கட்டித் தரலாம்னு இருக்கேன். என்கிட்ட இருக்கிறது பத்தாது. யாராவது குடுத்து உதவுவீங்களா?"

படித்தேன். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு மறுபடியும் படித்தேன். முதல் பதில் யாரிடமிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? நம் தலைவரிடமிருந்து! என்ன எழுதியிருந்தார்?

"பிளாட்பாரத்துக்கு எந்தச் சாம்பல் வேணும்? பழசா, புதுசா?"

சிரிக்காதீர்கள்! தலைவர் முகம் சிவக்கிறது. அது எந்தச் சிவப்பு என்று ஆராய்ச்சி வேண்டாம்.

ஊசி அக்கா பொறுமையாகப் பதில் எழுதினார். "டாக்டர், அவனுக்குக் கண்ணு தெரியாது. எந்தக் கலரா இருந்தாலும் சரி."

எந்தக் கலரா இருந்தாலும் சரி! தோழர்களே, அந்த ஒரு வரி எங்கள் குழுவை என்ன செய்தது தெரியுமா? கட்டை சேர்க்கிற ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும். எதற்கும் உதவாத நிறங்களை ஒதுக்கிப் போட்ட டப்பா. வாங்கும்போது வந்துவிடும், கட்டும்போது பிடிக்காது. கேக் அக்காவிடம் ரோஸ். கணக்கு வாத்தியாரிடம் ஊதா. தையல்கார அண்ணனிடம் கண்ணைக் குத்தும் கிளிப்பச்சை. என்னிடம் ஊர் சிரித்த பழுப்பு. அத்தனை டப்பாவும் அன்று ஒரே நேரத்தில் திறந்தன! "என் ரோஸ் மொத்தமும் தர்றேன்!" "என் ஊதாவை எடுத்துக்கோங்க!" "பச்சை வேணுமா பச்சை?" சந்தை தோற்றது போங்கள்!

ஆளுக்கு ஒரு பகுதியைக் கட்டுவது, நான் லாரியில் போகிற வழியில் வாங்கி வந்து சேர்ப்பது என்று முடிவாயிற்று. அதுவரை திரையில் கண்ட பெயர்களை வாசற்படியில் கண்டேன். கேக் அக்கா பிளாட்பாரத்தைக் கேக் பெட்டியில் வைத்து, மேலே ரிப்பன் கட்டிக் கொடுத்தார். "அண்ணே, பள்ளம் மேடு பார்த்து ஓட்டுங்க. என் கேக்குக்குக்கூட இவ்வளவு பயந்ததில்ல" என்றார். கணக்கு வாத்தியார் கூரையை ஒப்படைக்கும் முன் மூன்று தடவை அளந்தார். பிறகு என்னையும் ஒரு பார்வையால் அளந்தார்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். தடவிப் படிக்கிற ஸ்டேஷன் அல்லவா? குமிழ் தட்டுப்பட்டால் ஆபத்து, தண்டவாள விளிம்பு. விரல் வழுக்கிக்கொண்டு போனால் பத்திரமான நடைபாதை. ஊசி அக்கா அப்படி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். குமிழ்க் கட்டைக்குப் பஞ்சமே இல்லை. குமிழ் இல்லாத வழுவழுப்பான கட்டைதான் போதவில்லை. அவ்வளவு வழுவழுக் கட்டை யாரிடம் இருக்கிறது?

எல்லோருக்கும் தெரியும்.

நம் தலைவர் க்ளினிக்குக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோட்டை. பழைய சாம்பலில் பளபளவென்று எழுப்பிய கோட்டை. தரை முழுக்க, மதில் முழுக்க வழுவழுக் கட்டை. தொடக்கூடாது, சாயக்கூடாது, பக்கத்தில் நின்று தும்மக்கூடாது! வருடக்கணக்கில் தேடித் தேடிச் சேர்த்த கட்டைகள். அதைக் கேட்க எவருக்குத் துணிச்சல் வரும்? எனக்கும் வரவில்லை. படிக்கட்டுப் பகுதியை அவர்தான் கட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

போய்ப் பார்த்தால், கண்ணாடிப் பெட்டி திறந்து கிடக்கிறது. தலைவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையில் பல் பிடுங்கும் இடுக்கி. கோட்டை மதிலிலிருந்து ஒவ்வொரு கட்டையாகப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் கன்னத்தைப் பிடித்தபடி நோயாளிகள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

"டாக்டர், வலிக்குதா?" என்று கேட்டேன்.

"லேசா" என்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பேசாம அந்தத் தட்டைப் பிடிங்க டிரைவர்."

பிடித்தேன். தட்டு நிறைந்தது. கோட்டை இருந்த இடத்தில் வெறும் பலகை மிஞ்சியது. கொடுப்பது என்றால் என்ன? மிஞ்சியதைத் தருவதும் கொடைதான். நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்தோம், அதில் குறைவில்லை. ஆனால் நெஞ்சோடு ஒட்டியதைப் பிய்த்துத் தருவது இருக்கிறதே! ஒரு வார்த்தை பெருமை பேசாமல், ஒரு படம்கூடக் குழுவில் போடாமல் தருவது இருக்கிறதே! அன்றைக்கு அந்த மனிதருக்காக நான் பழைய சாம்பல் கட்சியில் சேர்ந்தேன்!

கேக் அக்கா, நீங்களும் கைதட்டுகிறீர்கள். இந்தக் காட்சியைப் படம் எடுங்கள் யாராவது!

எல்லாப் பகுதியும் வந்து சேர்ந்தது. ஊசி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை முழுக்க ஸ்டேஷன். குடும்பமே தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது. ரோஸ் பிளாட்பாரம், ஊதாக் கூரை, கிளிப்பச்சைத் தூண், பழுப்புத் தண்டவாளம், நடுவே டாக்டரின் சாம்பல் நடைபாதை. கண் உள்ளவன் பார்த்தால் கண் கூசும்! தம்பியோ அதன் முன்னால் உட்கார்ந்து விரலால் நடந்தார். "இது என்ன?" என்று கேட்பார். "டிக்கெட் கவுன்ட்டர்." "என்ன கலர்?" "ஆரஞ்சு." "யார் குடுத்தது?" அக்கா சொல்வார். மறுபடியும் விரல் நடக்கும். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த விரல்கள் ரயிலேறக் கிளம்பிக்கொண்டே இருந்தன.

அதிகாரி சொன்ன நாளும் வந்தது. வாசலில் தம்பி கையில் கோலோடு நிற்கிறார். பின்னால் அதிகாரி, அக்கா, நான். யாரும் குரல் கொடுக்கக்கூடாது, தொடக்கூடாது என்பது அதிகாரி போட்ட நிபந்தனை. நடந்தார். டிக்கெட் கவுன்ட்டரைக் கடந்தார். சரிவில் இறங்கினார். தூணைத் தொடாமலே தூணை ஒதுங்கிப் போனார். மேம்பாலப் படிக்கட்டுக்கு வந்தார். இடது பக்கம் திரும்பினார்.

கோல் சுவரில் இடித்தது.

மறுபடி தட்டினார். சுவர். கையால் தடவினார். சுவர்! அங்கே படிக்கட்டே இல்லை. பயணிகள் இடித்துக்கொண்டு போகிறார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். உண்மையான படிக்கட்டு வலது பக்கம் இருக்கிறது! மாதிரியில் அதை இடது பக்கம் கட்டியது யார்?

தலைவர் அவர்களே, நீங்கள் தண்ணீர் குடியுங்கள். நான் சொல்லிவிடுகிறேன்.

அக்கா அனுப்பிய வரைபடத்தை மெல்லிய தாளில் எடுத்து, அதைப் பின்பக்கமாகப் போட்டுப் பார்த்துக் கட்டியிருக்கிறார் நம் டாக்டர்! பிறகு கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "வாய்க்குள்ள எல்லாத்தையும் கண்ணாடியிலதானே பார்க்கிறேன். எனக்கு அது நேராத்தான் தெரிஞ்சுது." கேட்டீர்களா நியாயத்தை!

ஆனால் அந்த நிமிடத்தில் சிரிப்பு வரவில்லை நண்பர்களே. ஒரு மனிதரின் வேலை, ஒரு மனிதரின் மரியாதை, அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. அதிகாரி பேச வாயெடுத்தார். தம்பி கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை காட்டினார். தலையைச் சாய்த்தார். காது கொடுத்தார். வலது பக்கம், படியில் ஏறும் செருப்புகளின் சத்தம். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு.

"ஓ... சட்டையைத் திருப்பிப் போட்ட மாதிரி கட்டிட்டாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவ்வளவுதான்! திரும்பினார். படியேறினார். அந்தப் பகுதியில் இருந்த ஒவ்வொன்றையும் மனத்துக்குள்ளேயே இடம் மாற்றிவிட்டார். இடது பக்கம் என்று படித்த பெஞ்சை வலது பக்கம் கண்டார். வலது பக்கம் என்று படித்த குழாயை இடது பக்கம் கண்டார். மேம்பாலம் கடந்து, படி இறங்கி, விளிம்பை விட்டு விலகி, அறிவிப்பு அறையின் கதவைப் பிடித்துத் திறந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மைக்கைத் தொட்டார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வண்டி வருது. அறிவிப்பு குடுப்பா" என்றார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!" என்று அந்தக் குரல் கிளம்பியது பாருங்கள்! ஸ்டேஷனே நிமிர்ந்தது. வருகிற வண்டியைச் சொன்னார். வந்து நிற்கும் நடைமேடையைச் சொன்னார். சொல்லி முடித்து ஒரு நொடி நிறுத்தி, "மேம்பாலத்துக்குச் செல்லும் படிக்கட்டு வலது பக்கம் உள்ளது. மீண்டும் அறிவிக்கிறோம், வலது பக்கம் மட்டுமே உள்ளது!" என்றார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அந்த மாதிரி ஸ்டேஷனை இப்போது நிஜ ஸ்டேஷன் வாசலிலேயே வைத்திருக்கிறார்கள். கண் தெரியாத பயணிகள் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறார்கள். வாசலுக்குப் போகும் முன் நம் தலைவர் படிக்கட்டைச் சரியான பக்கம் மாற்றிக் கட்டினார். கட்டியவர் சும்மா இருந்தாரா? "பொது இடத்துல வைக்கிறது. பார்க்க அழகா இருக்க வேண்டாமா? எல்லாத்தையும் சாம்பல் கலர்ல மாத்திடட்டுமா?" என்று தம்பியிடமே கேட்டார். புதுச் சாம்பல் என்றாலும் சம்மதம் என்றார், கேக் அக்கா முகத்தைப் பார்த்து! அதுவே பெரிய சமாதான உடன்படிக்கை.

தம்பி என்ன சொன்னார் தெரியுமா?

"கலரைத் தொடாதீங்க டாக்டர். ரோஸ்னா எனக்குக் கேக் அக்கா. ஊதான்னா வாத்தியார். பழுப்புன்னா லாரி அண்ணன். பச்சைன்னா தையல்காரர். நீங்க எல்லாத்தையும் சாம்பலாக்கிட்டா, அங்க உங்களைத் தவிர எனக்கு யாருமே இருக்க மாட்டாங்களே!"

தோழர்களே, தோழியரே! நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய நிறங்கள் அவை. அழகில்லை என்று மூடி வைத்த டப்பாக்கள் அவை. அவற்றில் எங்கள் முகத்தைப் பார்த்தவர், பார்வை இல்லாத ஒருவர்! முகம் பாராமல் பழகினோம்; முகவரி அறியாமல் கொடுத்தோம். இதைப் பொம்மை விளையாட்டு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். விளையாட்டுதான்! விளையாடத் தெரிந்த கைகளுக்குத்தான் ஒன்றை ஒன்றோடு சேர்க்கத் தெரிகிறது! இழுத்தால் பிரியும் கட்டைகளைக் கொண்டு, இழுத்தாலும் பிரியாத உறவைக் கட்டியிருக்கிறோம் நாம்!

என்ன, பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள்? சத்தமாகக் கேளுங்கள். ஆமாம், அந்தத் தம்பி எங்கே, அவரை மேடைக்குக் கூப்பிடுங்கள் என்கிறீர்களா?

கூப்பிட்டோம். கூப்பிடாமல் இருப்போமா? இன்று காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. எனக்கு லீவு கிடைக்கல" என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஓர் ஊழியரை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை!

கேட்ட காதுகளுக்கும், கொடுத்த கைகளுக்கும், கேலியைப் பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்!