கடற்கரைத் தலைவியின் படம்

பழைய புத்தகங்களை வெயிலில் காயவைக்கக் கூடாது. நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்த வேண்டும். உத்தமனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அவனுக்கு ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. நான் மேனாம்பேடு. இருவரும் படம் போட்ட பழைய காவியப் பதிப்புகளைச் சேர்த்தோம். நூறாண்டுக்கு முந்தைய ஒரு பதிப்பு இருவரிடமும் இருந்தது. என் பிரதியில் மட்டும் ஒரு படம் இல்லை. கடற்கரையில் தலைவி தனியாக நிற்கும் படம்.

உத்தமன் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டிக் கேலி செய்வான்.

"இன்னா மாமே, பொண்ணு பாக்க வந்துட்டியா? நல்லா பாத்துக்கோ. கட்டிக் குடுக்க மாட்டேன்."

நானும் சிரிப்பேன்.

அவன் மகள் எழிலுக்கு அப்போது எட்டு வயது. தாய் இல்லை. ஒரு நாள் அந்தப் புத்தகத்தில் இருந்த யானைக்குப் பச்சை கிரேயான் தீட்டித் திட்டு வாங்கினாள். அதற்கடுத்த ஞாயிறு நான் போனேன். உத்தமன் டீ போட உள்ளே போனான்.

ஈரத் தையல்நூலை மடிப்பில் வைத்து அழுத்தினால் தாள் சுத்தமாகக் கழன்றுவரும். தையல்நூல் என் பையில் இருந்தது. ஆனாலும் படத்தைக் கையால் இழுத்தேன். குழந்தை கிழித்ததுபோல் இருக்க வேண்டும்.

அவனுக்கு ஒரு மகள் இருந்தாள். எனக்கு அந்தப் படம்தான் குறைந்தது.

மறுநாள் அவன் கூப்பிட்டான். போனேன். எழில் சுவரோரம் நின்றிருந்தாள். காலில் பெல்ட் தடம்.

"நான் எடுக்கல மாமா. நீங்களாச்சும் சொல்லுங்க."

"குழந்த தானே, விட்டுடு உத்தமா," என்றேன். அதன் பிறகு அவன் வேறு யாரையும் சந்தேகப்படவில்லை.

அவள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. விடுதிக்கு அனுப்பினான். படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணத்தைத் தானே செய்துகொண்டாள். அவன் போகவில்லை. "ஒரு வார்த்த சொல்லட்டும், போறேன்," என்று என்னிடம் சொன்னான்.

படத்தைக் கஞ்சிப் பசையால் என் பிரதியில் ஒட்டினேன். கிழிந்த ஓரம் தெரியாமல் மெல்லிய தாள் வைத்தேன். பிறகு அந்தப் பிரதியை யாருக்கும் காட்ட முடியவில்லை. அது எனக்கு ஒரு வருத்தம்.

சென்ற மாதம் உத்தமன் நசரத்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் கிடந்தான். நுரையீரலில் நீர். நான் பக்கத்தில் இருந்தேன். எழில் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"நான்தாம்பா கிழிச்சேன். பயத்துல எரிச்சிட்டேன். மன்னிச்சுடுப்பா."

அவன் அவள் கையை இழுத்து மார்பில் வைத்துக்கொண்டு அழுதான்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னாம்மா..."

மாலையில் இறந்துபோனான்.

அவள் சொன்னது பொய் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். எடுத்தது யார் என்று ஒருவருக்குத் தெரியும். ஆனாலும் அவள் தன் வாயால் அதைச் சொன்னபோது என் மனமும் இளகியது. அங்கேயே, அப்போதே, நானும் அவளை மன்னித்துவிட்டேன்.