தம்பி பக்கத்து மானிட்டர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஸ்டூடியோக்காரர் ஒருவர் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த, அவருக்குத் தெரிந்த இளம் கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் பேப்பரை மடித்தேன்.

"ஸ்டூடியோவைப் பாகம் பிரிச்சாச்சு. ஒண்ணா மாட்டியிருந்த ரெண்டு மானிட்டர்ல ஒண்ணைத் தம்பி தூக்கிட்டு உத்தமபாளையத்துல தனியாக் கடை போட்டுட்டான். ஆனா ஆல்பம் சாஃப்ட்வேர் இன்னும் அவன் பக்கத்துலதான் தொறக்குது."

"எப்படிண்ணே?"

"கீழ பட்டையில அதோட பேரு மட்டும் தெரியுது. ஸ்கிரீன்ல ஒண்ணையும் காணோம். ரெண்டு தடவ சாஃப்ட்வேர அழிச்சுத் திரும்பப் போட்டும் அதேதான். நாளைக்குக் கல்யாண ஆல்பம் குடுக்கணும்."

"கடைசியா எந்த மானிட்டர்ல மூடுனீகளோ, அங்கனயே போய்த் தொறக்கும்ணே. அந்த மானிட்டர் போனது அதுக்குத் தெரியாது. ஆல்ட் கீயையும் ஸ்பேஸ் கீயையும் சேத்து அமுக்கி, எம் எழுத்த அடிச்சு, அம்புக்குறியத் தட்டிக்கிட்டே இருந்தா இங்கன வந்துரும். அப்புறம் அந்தப் பக்கம் போகாது."

"இதை எங்கப்பா படிச்ச?"

"உங்க தம்பிதாண்ணே சொல்லிக்குடுத்தாக."

சின்னமனூர் வந்தது.

"அண்ணே, உங்க ஸ்டாப்பு."

அவர் எழுந்திருக்கவில்லை. கண்டக்டரைக் கூப்பிட்டார்.

"உத்தமபாளையத்துக்கு ஒரு டிக்கெட் குடுங்க. அவனே அதை இந்தப் பக்கம் இழுத்துவிடட்டும்."