எதைச் சொல்ல, எதை விட

தென்காசியிலிருந்து கடையநல்லூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மடியில் லேப்டாப்பை விரித்திருந்த இளையவள் தன் அண்ணன் மனைவியிடம் புலம்பினாள்.

“மைனி, எங்க ஆபீஸ் ஏஐக்கு எது முக்கியம்னே தெரியல. தானா வேலை செய்யுத அதுக்கு, எங்க போனுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப ஒரு வசதி குடுத்திருக்கோம். எப்பம் அனுப்பணும்னு நான்தான் அதுக்குக் குறிப்பு எழுதுதேன். ‘முக்கியம்னா அனுப்பு’ன்னு எழுதினேன். ‘ஆரம்பிச்சிட்டேன்’, ‘பாதி முடிஞ்சுட்டு’ன்னு, நிக்காஹ் நடக்குத நேரத்துல மேனேஜருக்கு நாப்பது சேதி அனுப்பிட்டு.”

“யாருக்கு நிக்காஹ்?”

“அவருக்குத்தான்.”

மைனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“பொறவு ‘தொந்தரவு பண்ணாதே’ன்னு மாத்தினேன். இன்னைக்கு வேலை பாதியில நின்னு போச்சு, அது மூச்சே விடல. சாயந்தரத்துக்குள்ள சரியா எழுதிக் குடுக்கணும்.”

மைனி தன் போனை எடுத்துக் காட்டினாள்.

“ரியாத்ல உங்க அண்ணன் தின்னுத தோசையெல்லாம் போட்டோவா வருது. மூணு நாளு காய்ச்சல்ல கிடந்ததை மட்டும் சொல்லல. இப்படி எழுது: கேட்டதும் நான் எந்திரிச்சு ஏதாவது செய்யணும்னா உடனே சொல்லு. கெட்ட சேதின்னு மறைக்காதே. மத்ததை வேலை முடிஞ்சதும் மொத்தமாச் சொல்லு.”

இளையவள் வேகமாகத் தட்டினாள்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன், மைனி.”

“அப்படியே உங்க அண்ணனுக்கும் அனுப்பு.”