வியாழக்கிழமை உளவாளி

— நேற்று வந்து நிண்டவன் அவன்தானா, அவனைப் போல மற்றவனா? அத மட்டும் சொல்லுங்க, கிளாக்கர் ஐயா.

— பொறு ஸல்ஹா. உளவாளிக் கதையை ஒரு ஒழுங்கிலதான் சொல்லவேணும். நேவி டொக்யாட்டில பதினெட்டு வருஷம் வெள்ளைக்காரனோட இங்கிலிசில கதைச்சனான். அவையள் எதையும் ஒழுங்காத்தான் சொல்லுவினம்.

— வெள்ளைக்காரன் கப்பலேறி இருபத்தஞ்சு வருஷம். நான் கேக்கிறது நேற்று ரீவியில காட்டின இங்கிலிசு நாடகத்த.

— அதுக்குத்தானே வாறன். உலகம் ரெண்டு. இஞ்ச இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் அங்க அச்சு அசலா ஒராள். நடுவில, லண்டனில ஒரு நிலவறை. அதில ஒரு கதவு. அந்த உலகத்தில உளவாளியின்ர பெண்சாதிக்கு மூச்சு இளைப்பே இல்லை. காலமை எழும்பி, இடக்கையால தேங்காய் துருவி...

— தேங்காய விடுங்க ஐயா! ஆறு கிழமையா இந்த வியாக்கியானந்தான். லிங்கநகரில இந்தத் தெருவே உங்கட ரீவிக்கு முன்னால வந்து குந்தியிருந்திச்சு. உங்கட ஒழுங்கத் தாங்க ஏலாம எல்லாரும் எழும்பிப் போயிட்டாங்க. மிஞ்சினது நான் ஒருத்தி.

— விளக்கம் இல்லாத சனம்.

— மூண்டாம் கிழமை அந்த உளவாளி கப்பல்ல இருந்து விழுந்து மவுத்தானானே. நேற்று அவன் பெண்சாதியிட வாசல்ல வந்து நிண்டான். அது ஆரு?

— அவனேதான். சாகேல்லை. மற்ற உலகத்தில கரையேறி இருந்தவன்.

— சத்தியமா?

— நாடகத்துக்கும் சத்தியமோ பிள்ளை?

— நாளைக்கு நான் இத்தாவில இருக்கப் போறன்.

— என்ன?

— நாலு வருஷமாச்சு. மூதூருக்குப் போன வள்ளம் கவிண்டு எல்லாரிட மையத்தும் கரைக்கு வந்திச்சு. என்ட புருஷன் அஸீமிட மையத்து மட்டும் வரல்ல. இனி அவர் மவுத்து எண்டு காதியார் எழுதித் தந்திட்டார். என்னோட கூடப் பொறந்த அலியார் நானா வெள்ளைச் சீலையும் வாங்கி வச்சிட்டார். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்ட ஏலாது. நீங்களும் வந்து என்னப் பாக்க ஏலாது.

— அப்ப வியாழக்கிழமை?

— பாத்தீங்களா, உங்களுக்கு உங்கட ரீவிதான் கவலை.

— இல்லை... உனக்கு ஒரு கதிரை போட்டு வைக்கிறனான். அதுதான்.

— சீலைய உடுத்தா, அவர் இல்ல எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. அந்த உளவாளி உண்மையா வந்திருந்தா, நானாட காலில விழுந்து இன்னும் ஒரு வருஷம் கேப்பன். பைத்தியந்தான். எனக்கே தெரியும். சொல்லுங்க.

— ஸல்ஹா...

— சொல்லுங்க ஐயா.

— எனக்கு இங்கிலிசு தெரியாது.

— ம்.

— கிளாக்கரும் இல்லை. ஸ்டோரில பெட்டிக்கு இலக்கம் அடிச்சனான். ‘யெஸ் சேர், நோ சேர்’, பதினெட்டு வருஷமும் அவ்வளவுதான். என்ர பெண்சாதி கனகம்மாவுக்கே தெரியாது. போன தையில கண்ணை மூடுமட்டும் நான் கிளாக்கர் எண்டுதான் அவள் நினைச்சவள். ஒரே முகத்தில ரெண்டு பேர், நடுவில ஒரு கதவு. அது படத்தைப் பாத்து விளங்கினது. மிச்சம் எல்லாம் நான் கட்டினது. நேற்று வந்தவன் ஆரெண்டு எனக்கெப்படித் தெரியும்?

— மற்றவன்தான்.

— உனக்கு ஆர் சொன்னது?

— அவள் அவன்ட முகத்தப் பாத்தாள். கையப் பிடிச்சுப் பாத்தாள். பிறகு கதவச் சாத்திப்போட்டு, கதவுக்குப் பின்னால நிண்டு அழுதாள். அதுக்கு இங்கிலிசு வேணுமா?

— தெரிஞ்சுகொண்டே ஏன் என்னைப் போட்டுக் குடைஞ்சனீ?

— நீங்க பொய்யில உறுதியா நிண்டிருந்தா, நானும் இன்னும் ஒரு வருஷம் நிண்டிருப்பன்.

— என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. இவ்வளவு நாளும் நம்ப வச்சு...

— நான் நம்பினனான் எண்டு ஆரு சொன்னது? உங்களுக்கு இங்கிலிசு தெரியாது எண்டு முதல் கிழமையே பிடிபட்டுப் போச்சு.

— பிறகேன் ஒரு வியாழனும் தப்பாம வந்தனீ?

— எனக்கு நாளைக்கு வெள்ளைச் சீலை இரிக்கு, நாலு மாசம் பத்து நாள் எண்டு ஒரு கணக்கு இரிக்கு. உங்களுக்கு என்ன இரிக்கு? லண்டனில ஆரு ஐயா இடக்கையால தேங்காய் துருவுறது? கனகம்மாக்காவ இளைப்பில்லாம உசிரோட பாக்க, உங்களுக்கு அந்த வியாழக்கிழமை மட்டுந்தானே இரிந்திச்சு.