காசியில் விட்ட பால்

"நான் பாலைக் காசியிலயே விட்டுட்டு வந்துட்டேன் மைனி" என்றாள், கல்லிடைக்குறிச்சி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மாள். மாவுக்கட்டுப் போட்ட அவளுடைய வலது கை மடியில் இருந்தது. காசிக்குப் போனால் பிடித்த பண்டம் ஒன்றை அங்கே விட்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம்.

பக்கத்தில் இருந்த மைனி, அவள் புருஷனுடைய அக்கா, விடவில்லை. "என் தம்பி என்னத்தை விட்டான்?"

"பாவக்காய்."

"அதை அவன் என்னைக்குத் தொட்டான்? நீ பாலு, தயிரு, மோரு எல்லாத்தையும் விட்டுட்டுக் கையை ஒடிச்சிக்கிட்டு நிக்கே. டாக்டர் என்ன சொன்னாரு?"

"எலும்புல சுண்ணாம்புச் சத்து இல்லையாம். கேப்பையும் கீரையும் தின்னுக்கிடுதேன்னேன். நல்லதுதான், ஒங்களுக்கு அது மட்டும் பத்தாது, பாலும் தயிரும் சேக்கணும்னுட்டாரு."

"தை மாசம் ஒம் மகளுக்குப் பிள்ளை பொறந்தா, காலுல போட்டுக் குளிப்பாட்ட இந்தக் கைதான வேணும்?"

பேட்டையில் பஸ் நின்றபோது அந்த அம்மாள் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சாமிகிட்ட சொன்ன சொல்லைச் சும்மா மாத்தக்கூடாது. பாலுக்குப் பதிலா காப்பியை விடுதேன்."

"காப்பியையா? பாலை விட்ட பொறவும் கடுங்காப்பியிலதான நீ கண்ணு முழிக்கே?"

"அதனாலதான் விடுதேன். பாவக்காயை விட்டா சாமி ஏத்துக்கிடுமா?"

டவுனில் கோபுரம் தெரிந்ததும் இடது கையை நெஞ்சில் வைத்து வாய்க்குள் ஏதோ சொன்னாள். நானும் கும்பிட்டுக்கொண்டேன்.

இறங்கியதும் மைனி பழக்கத்தில் கடையில் ரெண்டு காப்பி சொன்னாள்.

"ஒண்ணு போதும் அண்ணாச்சி" என்றாள் அந்த அம்மாள். "எனக்குப் பால்."